இருபத்து மூன்றாம் பக்கத்துச் சிவப்புப் பட்டை

என் அக்கா படம் போடுகிற வேலை பார்க்கிறாள் என்றால் சினிமாவா என்று கேட்கிறார்கள். இல்லை என்றால், ஓவியமா என்பார்கள். அதுவும் இல்லை. வீடு வீடாகப் போய் ஜனங்களிடம் கேட்டு வாங்கி வந்த பதில்களைக் கணினியில் ஏற்றி, எத்தனை பேர் என்ன சொன்னார்கள் என்பதைப் பட்டை பட்டையாக நிறுத்திக் காட்டுவது அவள் உத்தியோகம். கருத்துக் கணக்கெடுப்பு நடத்தும் ஒரு சின்ன நிறுவனத்தில் இருபத்தாறு வருடமாக இருக்கிறாள். அங்கே அவளுக்குப் பட்டையக்கா என்று பெயர். வேலை நன்றாக வந்துவிட்டால் “பட்டையைக் கிளப்பிட்டீங்க” என்று எவனாவது சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொள்வான். இருபத்தாறு வருடமாக அதே ஜோக். இருபத்தாறு வருடமாக அவள் சிரித்ததில்லை.

நான் அவளுக்கு ஐந்து வயது இளையவன். அந்த நிறுவனம் மாடியில். அதே கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் என் கடை. நகல் எடுப்பது, பிரிண்ட் போடுவது, ஸ்பைரல் பைண்டிங். மாடியில் தயாராகும் அறிக்கைகள் எல்லாம் என்னிடம்தான் இறங்கி வரும். அக்காவின் சிபாரிசு என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு பக்கம் ஒரு நூல் கோணலாக இருந்தாலும் திருப்பி அனுப்புகிற முதல் ஆள் அவள்தான். எனக்குக் கோபம் மூக்கு நுனியில். அவளுக்கு வரவே வராது. எனக்கு வருகிற கோபத்தில் பாதி அதனாலேயே வருவது.

அவள் சேர்ந்தபோது தட்டச்சு வேலைதான். படிவத்தில் இருக்கும் எண்களைப் பார்த்துப் பார்த்துக் கணினியில் தட்ட வேண்டும். பிறகு ஒரு நாள் புள்ளியியல் மென்பொருள் ஒன்றை வாங்கி வைத்தார்கள். கூடவே செங்கல் கனத்தில் ஒரு கையேடு. அதைத் தொட யாருக்கும் தைரியம் வரவில்லை. அக்கா வீட்டுக்குத் தூக்கி வந்து, ஒரு அகராதியையும் பென்சிலையும் வைத்துக்கொண்டு மூன்று மாதம் அதோடு மல்லுக்கட்டினாள். நாலாவது மாதம் முதல் பட்டைப் படத்தை எங்கள் சாப்பாட்டு மேஜையில் கொண்டு வந்து வைத்தாள். எங்கள் தெருவில் எந்த வீட்டில் எத்தனை ஜன்னல் என்பதற்கான படம் அது. யாருக்கும் உபயோகமில்லாதது. அவ்வளவு அழகாக இருந்தது.

அவளுக்கென்று சில பிடிவாதங்கள் உண்டு. மென்பொருளில் சுட்டியால் அங்கங்கே தட்டினாலே படம் வந்துவிடும். அவள் தட்ட மாட்டாள். கட்டளைகளை வரி வரியாக எழுதி, தேதி போட்டுச் சேமித்து வைப்பாள். தட்டி வாங்கிய படம் எப்படி வந்தது என்று நாளைக்குக் கேட்டால் சொல்ல ஆள் இருக்காது, எழுதி வாங்கிய படம் தானே சாட்சி சொல்லும் என்பாள். வட்டப் படம் கேட்டு வருகிறவர்களைப் பார்த்தால் முகம் சுருங்கிவிடும். எது உயரம் எது குட்டை என்று பார்க்கத்தான் கண்ணுக்குத் தெரியும், வெட்டின துண்டில் எது பெரிசு என்று பார்க்கத் தெரியாது என்பது அவள் கட்சி. எல்லாவற்றுக்கும் மேலே, ஒவ்வொரு பட்டைக்கும் அடியில் இத்தனை பேர் பதில் சொன்னார்கள் என்று ஒரு சின்ன எண் போட்டே தீருவாள். அடி எண் இல்லாத பட்டை கால் இல்லாத ஆள் மாதிரி, எதன் மேல் நிற்கிறது என்று தெரியாது என்பாள்.

கேள்விக்கு ஒருவர் பதில் சொல்லாமல் விட்டால் அந்தக் கட்டத்தில் தொண்ணூற்றொன்பது என்று போடுவது அவர்கள் தொழில் வழக்கம். மென்பொருள் அந்த எண்ணைப் பார்த்தால் ஆளை ஒதுக்கி வைத்துவிட்டு மீதிப் பேரை வைத்துச் சதவீதம் போடும். அந்தத் தொண்ணூற்றொன்பது எங்கள் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. கல்யாணத்தைப் பற்றி யார் கேட்டாலும் “தொண்ணூத்தொம்பது” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவாள். கேட்டவர்கள் ஏதோ வயது சொல்கிறாள் போலிருக்கிறது என்று குழம்பித் திரும்புவார்கள். இப்போது ஐம்பத்து மூன்று வயது. கேட்பதற்கும் யாரும் வருவதில்லை.

என் மனைவி நர்ஸ். ஆஸ்பத்திரியில் இல்லை, நோயாளிகளை வீட்டுக்குப் போய்ப் பார்க்கிற நர்ஸ். சுகாதார அலுவலகம் வார்டுக்கு ஒருத்தர் என்று ஆறு பேரை வைத்திருக்கிறது. இவளுக்கு ஐந்தாம் வார்டு. ஒன்பது வருடமாகப் புண்ணுக்குக் கட்டுப் போட்டு, ஊசி போட்டு, படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் புரட்டிப் படுக்க வைத்து அலைகிறாள். ஒப்பந்த வேலை. வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். அக்கா எங்கள் வீட்டு மாடி அறையில் இருக்கிறாள், சாப்பாடு எங்களோடு. நாத்தனார் என்ற வார்த்தைக்கு எங்கள் வீட்டில் வேலையே இருந்ததில்லை. அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு என்னைத்தான் வாட்டுவார்கள்.

இந்த வருடம் சுகாதார அலுவலகத்துக்கு ஒரு யோசனை பிறந்தது. வீட்டுக்கு வரும் நர்ஸ் எப்படிக் கவனிக்கிறார் என்று ஜனங்களையே கேட்டுவிடுவது. எந்த வார்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ‘மோசம்’ என்று சொல்கிறார்களோ அந்த வார்டு நர்ஸின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விடுவது. வார்டுக்கு இருநூறு வீடு. அந்தக் கணக்கெடுப்பு அக்காவின் நிறுவனத்துக்கே வந்தது. ஐந்தாம் வார்டு நர்ஸ் என் தம்பி மனைவி, படத்தை வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று முதல் நாளே அவள் மேலாளரிடம் சொல்லியிருக்கிறாள். வேறு யாருக்கும் அந்த மென்பொருள் தெரியாது என்று அவர் கையை விரித்துவிட்டார்.

அறிக்கை ஒரு வியாழக்கிழமை காலை என் கடைக்கு இறங்கி வந்தது. இருபத்தைந்து பிரதிகள், திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். நான் எதையும் படிப்பதில்லை. பக்கம் வரிசையாக இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன். பன்னிரண்டு பிரதிகளுக்குச் சுருள் கம்பியை ஏற்றி முனையை மடக்கிய பிறகுதான் இருபத்து மூன்றாம் பக்கம் கண்ணில் பட்டது. ஆறு வார்டுக்கு ஆறு கொத்துப் பட்டைகள். ‘மோசம்’ சிவப்பு. மற்ற ஐந்து கொத்திலும் சிவப்பு முழங்கால் அளவுக்கு நின்றது. ஐந்தாம் வார்டில் தலைக்கு மேலே போயிருந்தது. ஐம்பத்தாறு சதவீதம்.

இன்னொரு தடவை அந்த எண்ணைப் பார்த்தேன். பிறகு கோபம் வந்தது. அந்தப் பக்கத்தைக் கையில் எடுத்துக்கொண்டு இரண்டிரண்டு படியாக ஏறினேன். அக்கா கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டுப் பார்த்தாள். இதை எப்போது போட்டாய் என்று கேட்டேன். போன வியாழக்கிழமை என்றாள். அதாவது ஒரு வாரம். ஒரு வாரமாக எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள். என் வாயில் என்னென்னவோ வந்தது. அதில் பாதியை இங்கே எழுத முடியாது. அலுவலகமே எட்டிப் பார்த்தது.

“படத்துக்கு உன் பொண்டாட்டின்னு தெரியாதுடா” என்றாள் அக்கா. “ரெண்டு தடவ ஓட்டிப் பாத்துட்டேன். வந்த தரவுல அதான் இருக்கு.”

அந்தப் பக்கம் இல்லாமல் பைண்டிங் போட்டுவிடுகிறேன், எவன் எண்ணிப் பார்க்கப் போகிறான் என்றேன். நிஜமாகவே செய்திருப்பேன். அவள் குரலை உயர்த்தாமல், இருபத்திரண்டுக்கு அப்புறம் இருபத்து நாலு வரும், நீ மறைத்தாய் என்பது மட்டும்தான் தெரியும் என்றாள். நாற்பத்தெட்டு வருடத்தில் முதல் தடவையாக அவளோடு பிறந்ததற்காக வருத்தப்பட்டுக்கொண்டு இறங்கினேன்.

அன்று சாயங்காலம் மனைவியிடம் சொன்னேன். அவள் அழவில்லை. ஐம்பத்தாறா என்று ஒரு தடவை கேட்டாள். பையைத் திறந்து பஞ்சு, கட்டுத் துணி, கத்தரி எல்லாவற்றையும் எடுத்து மேஜையில் பரப்பி, மறுபடி அதே இடத்தில் அடுக்கினாள். அக்கா சாப்பிட இறங்கி வந்தபோது தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அக்கா தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன்.

வெள்ளிக்கிழமை காலையில்தான் வெடித்தது. மனைவி வேலைக்குக் கிளம்பி, பையை மாட்டிக்கொண்டு, செருப்பையும் போட்டுவிட்டாள். பிறகு செருப்போடு திரும்பி மேஜைக்கே வந்தாள்.

“ஒரு வாரமா கூட உக்காந்து சாப்ட்டீங்களே அண்ணி. ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா?”

“சொல்லியிருந்தா நீ அந்த வீடுங்களுக்குப் போய்க் கேட்டிருப்பம்மா. கேக்காம இருந்திருப்பியா?”

நிச்சயம் கேட்டிருப்பாள். உண்மையில் அவளுக்கு வலித்தது எண் இல்லை. ஒன்பது வருடத்தில் அத்தனை வீட்டில் ஒருவருக்குக்கூட ஒரு நல்ல வார்த்தை சொல்லத் தோன்றவில்லையா என்பதுதான். அதைத்தான் கேட்டாள். கேட்டுவிட்டுத் தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள்.

“அந்த வார்டுல யாருக்கு வாயால பாராட்ட வரும்? ஒரு பெரியவருக்கு எட்டு மாசம் காலுக்குக் கட்டுப் போட்டேன். புண்ணு ஆறி, அவரே நடந்து வந்து கதவத் திறக்குறாரு. எப்படி இருக்கீங்கன்னா ‘பரவாயில்ல’ங்குறாரு. அவரு சம்சாரத்தக் கேட்டாலும் ‘பரவாயில்ல’. அந்தத் தெரு முழுக்க எல்லாருக்கும் அந்த ஒரு வார்த்தைதான்.”

அக்காவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. என்ன சொன்னே என்று கேட்டாள். மனைவி மறுபடி சொன்னாள், கோபம் குறையாமல்.

“அப்படிச் சொல்றவங்கள கணக்கெடுக்க வந்தவர் ‘சுமார்’ல போடணும், இல்லன்னா ‘நல்லா’ல போடணும்” என்றாள் அக்கா மெதுவாக. “உன் வார்டுல ரெண்டையும் சேத்தாலே முப்பத்திரண்டு சதவீதம்தான். மத்தவங்க எங்க போனாங்க?”

கையைக் கழுவினாளா என்றுகூட எனக்கு நினைவில்லை. பத்து நிமிடத்தில் அலுவலகத்தில் இருந்தாள். நானும் பின்னாலேயே ஓடினேன். கடையைத் திறக்கவில்லை.

அவள் எழுதி வைத்திருந்த கட்டளைக் கோப்பைத் திறந்தாள். வரி வரியாக இறங்கி வந்து, தொண்ணூற்றொன்பதை ஒதுக்கு என்று சொல்லும் வரியில் நின்றாள். அதை எடுத்துவிட்டு ஐந்தாம் வார்டை மட்டும் மறுபடி எண்ணச் சொன்னாள். திரையில் ஒரு சின்ன அட்டவணை வந்தது. மிக நல்லா எட்டு. நல்லா பன்னிரண்டு. சுமார் பதினொன்று. மோசம் நாற்பது. தொண்ணூற்றொன்பது நூற்றிருபத்தொன்பது.

எனக்கே விளங்கிவிட்டது. இருநூறு பேரில் நூற்றிருபத்தொன்பது பேரை மென்பொருள் ஒதுக்கிவிட்டு, மிஞ்சிய எழுபத்தொரு பேரில் நாற்பது பேரை வைத்துத்தான் அந்தச் சிவப்புப் பட்டையை வளர்த்திருக்கிறது. அக்கா வழக்கம்போல அடியில் எண் போட்டிருந்தால் எழுபத்தொன்று என்று எவன் கண்ணிலும் பட்டிருக்கும். படம் கசகசவென்று இருக்கிறது, அடியில் இருக்கும் பொடி எண்களை எல்லாம் எடுத்துவிடுங்கள் என்று மேலாளர் இந்தத் தடவை சொல்லியிருந்தாராம். அவளும் இந்த ஒரு தடவை விட்டுக்கொடுத்திருக்கிறாள். பட்டையைப் போட்டபோது அந்த எண்ணைப் பார்த்திருக்க வேண்டாமா என்று கேட்டேன். பார்க்க வேண்டியதுதான் என்றாள். அந்த வார்டு என்பதால் நிறையத் துருவினால் தப்பாகிவிடும் என்று பயந்து, மற்ற வார்டைப் பார்க்கிற அளவுக்குக்கூடப் பார்க்காமல் விட்டிருக்கிறாள்.

இத்தனை பேர் ஏன் பதில் சொல்லவில்லை என்பது அடுத்த கேள்வி. சாமான் அறையில் படிவங்கள் சணல் கயிறு கட்டி அடுக்கியிருந்தன. ஐந்தாம் வார்டுக் கட்டை இழுத்துப் பிரித்தோம். நர்ஸ் எப்படி என்று கேட்ட ஏழாம் கேள்விக்கு எதிரே இருந்த கட்டத்தில், அழகான சாய்ந்த கையெழுத்தில், படிவத்துக்குப் படிவம் இரண்டே எழுத்து: ப.இ. அடுத்தது, ப.இ. அதற்கடுத்தது, ப.இ.

“பதில் இல்லை” என்று நான் படித்தேன்.

அக்கா சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினாள். படிவத்தை எப்படிக் கணினியில் ஏற்ற வேண்டும் என்ற விதிகள். அவள் கையாலேயே எழுதியது. ஆறாவது விதி: ப.இ. என்றிருந்தால் தொண்ணூற்றொன்பது போடவும்.

ஐந்தாம் வார்டுக்குப் போனவர் ஓய்வு பெற்ற தபால்காரர். தெருவெல்லாம் அவருக்கு அத்துப்படி என்பதால் எடுத்துக்கொண்டார்கள். பயிற்சி நாளன்று அவர் கண் டாக்டரிடம் போயிருந்தார். விதித் தாள் அவர் கைக்குப் போகவே இல்லை. கூப்பிட்டதும் சைக்கிளில் வந்துவிட்டார். அக்கா ஒரு படிவத்தை நீட்டி, இது என்ன சார் என்று கேட்டாள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். கேள்வியிலேயே ஏதோ வில்லங்கம் இருக்குமோ என்று என்னையும் ஒரு தடவை பார்த்தார்.

“பரவாயில்லை மேடம்” என்றார். “ப, இ. நாள் பூரா அதையே சொன்னாங்க. ஒவ்வொரு தடவையும் முழுசா எழுதினா கை வலிக்காதா?”

பதில் சொல்லாதவர்களுக்கு என்ன போட்டீர்கள் என்று கேட்டதற்கு, அவர்களுக்குக் கட்டத்தில் பெருக்கல் குறி போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார். தபால்காரரிடம் வாயைத் திறக்காத வீடு கிடையாது மேடம் என்று பெருமையாகவும் சொன்னார். எனக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ரெண்டு அறை விடலாம் போலவும் இருந்தது.

அப்பாடா என்று உட்காரப் போனேன். மேலாளரும் வந்து பார்த்துவிட்டு, தலைவலி தீர்ந்தது, நூற்றிருபத்தொன்பதையும் ‘நல்லா’வில் சேர்த்துப் படத்தை மாற்றிவிடலாம் என்றார். வேலை முடிந்தது என்று நினைத்தேன். என் அக்கா முடியவில்லை என்றாள். இவர் சொல்வதை மட்டும் வைத்து மாற்ற முடியாது. அந்த நூற்றிருபத்தொன்பது வீட்டில் முப்பது வீட்டுக்கு மறுபடி ஆள் போக வேண்டும். எந்த முப்பது என்று மென்பொருள் குலுக்கிப் போட்டு எடுக்கட்டும். மற்ற வார்டுக்குக் கணக்கெடுக்கப் போனவர்கள் போகட்டும், தபால்காரர் போகக் கூடாது. நானும் போகக் கூடாது. அவளும் போக மாட்டாள். நர்ஸிடம் யாரும் மூச்சு விடக் கூடாது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தானாக வருகிற நல்லதை வாங்கிக்கொள்ளத் தெரியாத ஜென்மம் என்று முகத்துக்கு நேரே திட்டினேன். அந்த முப்பது பேரும் மாற்றிச் சொல்லிவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டேன். அப்போது பழைய படம்தான் போகும் என்றாள். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் என் வாழ்க்கையிலேயே நீளமானவை. மனைவியிடம் ஏதோ சரிபார்க்கிறார்கள் என்று மட்டும் சொல்லியிருந்தேன். அதற்கு மேல் கேட்டால் உளறிவிடுவேன் என்பதால் வீட்டில் இல்லாத வேலையெல்லாம் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தேன். ஒழுகாத குழாயைப் பிரித்து ஒழுக வைத்தேன். அக்கா அலுவலகத்திலேயே இருந்தாள். சாப்பிட மட்டும் வந்தாள். மனைவி சோறு போட்டாள், பேசவில்லை.

ஞாயிறு மாலை நாலரைக்கு அக்கா என் கடைக்குள் வந்தாள். கையில் ஒரு தாள். இருபத்தேழு வீட்டில் ‘பரவாயில்லை’ என்று சொன்னோம் என்று சொல்லிவிட்டார்கள். பல வீட்டில் நல்ல பெண், கைராசிக்காரி என்று மேற்கொண்டும் ஏதேதோ சொல்லியிருக்கிறார்கள். இரண்டு வீட்டில் ஞாபகம் இல்லை. ஒரு வீடு பூட்டியிருந்தது. நான் மேஜையைப் பிடித்துக்கொண்டேன்.

அதன் பிறகும் ஒரு தகராறு. பரவாயில்லை என்பதை ‘நல்லா’வில் சேர்ப்பதா ‘சுமார்’ என்பதில் சேர்ப்பதா என்று மேலாளருக்கும் அவளுக்கும். மேலாளர் நல்லா என்றார். அறிக்கை எழுதுகிறவர் ஒருவர் சுமார் என்றார். அக்கா இரண்டிலும் சேர்க்கவில்லை. ஜனங்கள் வாயில் வந்த வார்த்தைக்கே தனியாக ஒரு பட்டை போட்டுவிட்டாள். ஐந்தாம் வார்டில் ‘பரவாயில்லை’ என்று ஒரு பட்டை, அறுபத்து நாலரை சதவீதம், சாம்பல் நிறத்தில், நெடுநெடுவென்று. பக்கத்தில் ‘மோசம்’ இருபது சதவீதத்துக்கு இறங்கி, மற்ற வார்டுகளைவிட ஒரு விரல்கடைதான் கூட இருந்தது. ஒவ்வொரு கொத்துக்கும் அடியில் இருநூறு என்று எண். அதற்கும் கீழே, என்ன தவறு நடந்தது, எப்படிச் சரிபார்த்தோம், இரண்டு பேருக்கு ஞாபகம் இல்லை என்பது உட்பட நாலு வரிக் குறிப்பு. தவறு விதித் தாளை எழுதியவருடையது என்றும் எழுதியிருந்தாள். அதை எடுத்துவிடச் சொன்னேன். எடுக்கவில்லை.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குக் கடையைத் திறந்தேன். பைண்டிங் போட்டது எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும். சுருள் கம்பியின் மடக்கிய முனையை நிமிர்த்தி, திருகித் திருகி வெளியே எடுத்து, பழைய இருபத்து மூன்றை உருவிவிட்டுப் புதிதைச் செருகி, மறுபடி ஓட்டை பார்த்து ஏற்ற வேண்டும். ஒன்றுக்குப் பத்து நிமிடம், மீதிப் பதின்மூன்றுக்கும் இனிமேல்தான் கம்பி ஏற்ற வேண்டும். ஒன்பது மணிக்குள் முடியாது என்று வியர்த்துக்கொண்டிருந்தபோது மனைவி வந்தாள். அக்கா அவளிடம் காலையில்தான் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். வந்தவள் பையைக் கழற்றி வைத்துவிட்டு என் எதிரே உட்கார்ந்து கம்பியைத் திருக ஆரம்பித்தாள். நர்ஸ் கை, என்னைவிட வேகம். கொஞ்ச நேரத்தில் அக்காவும் இறங்கி வந்து பழைய பக்கங்களை எண்ணி அடுக்கினாள். எட்டு ஐம்பதுக்கு இருபத்தைந்தும் முடிந்தன. கடைசிப் பிரதியைத் தட்டிப் பார்த்த அக்கா, ஒரு பக்கம் கோணல் என்றாள். மனைவிதான் முதலில் சிரித்தாள்.

பத்து நாள் கழித்து ஒப்பந்தம் புதுப்பித்த கடிதம் வந்தது. எங்கள் தபால் எல்லாம் என் கடை முகவரிக்குத்தான் வரும். மனைவி வேலையில் இருந்தாள், போனில் சொன்னேன். சரிங்க என்றாள், ஒருத்தருக்கு ஊசி போட்டுக்கொண்டிருக்கிறேன் என்று வைத்துவிட்டாள். பிறகு கடிதத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய் அக்காவிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்தாள். மடித்துக் கொடுத்தாள். கண்ணாடியைக் கழற்றினாள். அவள் அழுது நான் கடைசியாகப் பார்த்தது எப்போது என்று எனக்கு ஞாபகமே இல்லை.

“தப்பு இருக்கணும், தப்பு இருக்கணும்னு வேண்டிக்கிட்டேதான்டா அந்தப் படிவத்தையெல்லாம் பிரிச்சேன்” என்றாள். “அப்படித் தேடுறவ கண்ணுக்கு இல்லாததும் தெரியும். என்னை எனக்கே நம்ப முடியல. அதுக்குத்தான் அந்த முப்பது வீடு.”

நான் திட்டியதெல்லாம் நினைவுக்கு வந்தது. மன்னித்துவிடு என்று சொல்லத் தெரியாத குடும்பம் எங்களுடையது. தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தேன்.

அன்று சாயங்காலம் மனைவி வீட்டுக்கு வந்ததும் நேராக அக்காவிடம் போனாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். அந்த நாற்பது வீடு எது என்று சொல்லுங்கள் என்றாள். மோசம் என்று சொன்ன நாற்பது வீடு. அந்த நாற்பதில் எந்த எழுத்துக் குழப்பமும் இல்லை, அது உண்மைதானே என்றாள். மேட்டுத் தெருப் பக்கம் படிக்கட்டு அதிகம் என்று கடைசியாகத்தான் போகிறாளாம். போய்ச் சேரும்போது அவர்கள் சாப்பிட்டுப் படுத்திருப்பார்களாம். சில நாள் நாளைக்குப் பார்க்கலாம் என்று திரும்பியும் வந்திருக்கிறாளாம். அங்கேயாகத்தான் இருக்கும், பெயரைச் சொல்லுங்கள் அண்ணி, போய்ச் சரிசெய்துவிடுகிறேன் என்று கெஞ்சினாள். அக்கா முடியாது என்றாள். பதில் சொன்னவர் பெயர் வெளியே போகாது என்று சொல்லித்தான் கேட்டோம் என்றாள். எத்தனை விதமாகக் கேட்டும் அசையவில்லை.

மனைவி கோபித்துக்கொள்வாள் என்று பார்த்தேன். கோபித்துக்கொள்ளவில்லை. மறுநாளிலிருந்து காலையில் ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்புகிறாள். மேட்டுத் தெருவுக்கு முதலில் போகிறாள். ஐந்தாம் வார்டில் பூட்டின கதவென்று விட்டுவிட்டு வருவதில்லை. ஏன் இப்படி அலைகிறாய், வேலைதான் கிடைத்துவிட்டதே என்று ஒரு நாள் கேட்டேன்.

“எந்த நாப்பதுன்னு அண்ணி சொல்ல மாட்டேங்குறாங்க” என்றாள் செருப்பை மாட்டிக்கொண்டே. “அதனால ஒவ்வொரு கதவையும் இதுதான் அந்த வீடுன்னு நெனச்சே தட்டுறேன்.”

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அக்கா மேஜையில் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.